ஐவர் ஆடும் ஆசியக் கிண்ணம்



காற்பந்து என்றால் என்னவென்று நம் நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதினொருவர் ஓர் அணி, பரந்த புல்திடல், தொண்ணூறு நிமிட ஆட்டம் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்தக் காற்பந்துக்கு ஓர் இளைய உடன்பிறப்பு உண்டு. அதற்கு ஃபுட்சால் என்று பெயர். வேலை முடிந்த இளைஞர்கள் பணம் சேர்த்து வாடகைக் கூடங்களில் இரவு பத்து மணி வரை ஆடும் ஆட்டமாகவே நம்மில் பலர் இதை அறிந்திருக்கிறோம். இதற்கெனத் தேசிய அணிகள் இருப்பதையும், ஆசியக் கண்டம் முழுமைக்குமான வெற்றியாளர் போட்டி ஒன்று நடைபெறுவதையும், அப்போட்டி முதன்முதலாக நம் கோலாலம்பூரில்தான் நடந்தது என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

இன்றைய பேச்சில் மூன்று கேள்விகளுக்கு விடை காண்போம். இந்த ஆட்டம் எத்தகையது? ஆசியப் போட்டி எவ்வாறு நடைபெறுகிறது? 1999 முதல் 2024 வரை 17 முறை நடந்த அப்போட்டியில் இரண்டே இரண்டு நாடுகள் மட்டும் கிண்ணத்தை வென்றது எதனால்? மூன்றாவது கேள்வியின் விடையில் நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் பிறப்பைப் பார்ப்போம். 1930ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் உருகுவே நாடு முதலாவது உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியை நடத்தி, தானே வெற்றியும் பெற்றது. தலைநகரான மொன்டெவிடியோவில் தெருவெங்கும் பந்துதான். பிள்ளைகள் எல்லாரும் ஆட விரும்பினர்; எல்லாருக்கும் போதிய திடல் இல்லை. அந்நகரின் கிறிஸ்துவ இளைஞர் சங்கத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்பவர், கூடத்திற்குள்ளேயே ஆடக்கூடிய காற்பந்து ஒன்றுக்கு விதிகளை வகுத்தார். ஓர் அணிக்கு ஐந்து பேர் என்பதைக் கூடைப்பந்திலிருந்து எடுத்துக்கொண்டார். கையால் எறிந்து கோல் போடும் பந்தாட்டத்திலிருந்து களத்தின் அளவையும் கோல் கம்பத்தின் அளவையும் எடுத்துக்கொண்டார். நீரில் ஆடும் பந்தாட்டத்திலிருந்து கோல் காவலருக்கான விதிகளை எடுத்துக்கொண்டார். இடமில்லையே என்று கைகட்டி நில்லாமல், இருக்கும் இடத்திற்கு ஏற்ப ஆட்டத்தை வெட்டித் தைத்துக் கொடுத்தவர் ஓர் ஆசிரியர் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

அந்த ஆட்டம் பிரேசிலுக்குச் சென்று செழித்தது. ரொனால்டினோ, நெய்மார் போன்ற புகழ்பெற்ற பிரேசில் ஆட்டக்காரர்கள் சிறுவயதில் இந்தச் சிறிய களத்தில்தான் பந்தோடு பழகினார்கள். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, 1989ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் தன் முதலாவது உலகப் போட்டியை நடத்தியது. சாலை, அதாவது கூடத்தில் ஆடும் பந்து என்னும் பொருள்படும் ஸ்பானியச் சொற்களும் போர்த்துகீசியச் சொற்களும் சுருங்கியே ஃபுட்சால் என்றாயின.

சரி, இது வெறும் குட்டிக் காற்பந்துதானா? அல்ல. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். அனைத்துலகக் காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. பரப்பளவு 7,140 சதுர மீட்டர். அதில் 22 பேர் ஆடுகிறார்கள். ஆளுக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 325 சதுர மீட்டர். ஃபுட்சால் களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 800 சதுர மீட்டர். ஆடுவோர் பத்துப் பேர். ஆளுக்கு 80 சதுர மீட்டர்தான். நாம் நன்கறிந்த பூப்பந்துக் களம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 82 சதுர மீட்டர். ஆக, ஃபுட்சாலில் ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது ஒரு பூப்பந்துக் களம் அளவு இடம் மட்டுமே. காற்பந்தில் கிடைப்பதில் கால் பங்கு.

இந்த ஒரு கணக்கிலேயே ஆட்டத்தின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. பந்து காலுக்கு வந்த மறுகணம் எதிராளி அருகில் வந்துவிடுகிறார். நின்று யோசிக்க நேரமில்லை. பந்து வருமுன்பே யாருக்குத் தருவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஓடும் வேகத்தைவிட எண்ணும் வேகம் முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

பந்தும் வேறு. அதன் சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர், காற்பந்தைவிடச் சிறியது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும் என்பது விதி. துள்ளாத பந்து தரையோடு தரையாக ஓடும். அதை உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தி, உருட்டி, திருப்பி ஆட வேண்டும். உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுகிற பழக்கம் இங்கே செல்லாது. கோல் கம்பமும் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தால் பந்து அதில் நுழையாது.

விதிகளில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஆட்டம் இருபது நிமிடங்கள் வீதம் இரு பாதிகள். பந்து களத்திற்கு வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே காலங்கடத்தி வெல்வதற்கு வழியில்லை. ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு பாதியிலும் ஒரு நிமிட ஆலோசனை நேரம் கேட்கலாம். மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். வெளியே வந்தவர் இளைப்பாறிவிட்டு மீண்டும் உள்ளே போகலாம். பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறிவதில்லை; கோட்டில் வைத்துக் காலால் உதைக்க வேண்டும். அதற்கு நான்கு வினாடிகள்தான் அவகாசம். கோல் காவலரும் தம் பாதிக் களத்தில் நான்கு வினாடிகளுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. நடுவர் கையை உயர்த்தி விரல்களால் வினாடிகளை எண்ணிக் காட்டுவதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம்.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. ஓர் அணி செய்யும் பெரிய தவறுகள் எல்லாம் அந்த அணியின் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். ஒரு பாதியில் ஐந்து வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆறாவது தவறிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேர் உதை கிடைக்கும். கோலிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் பந்தை வைத்து உதைக்கலாம். முன்னே நின்று தடுக்கக் கோல் காவலர் ஒருவர் மட்டுமே. தவறு செய்தவர் யாராயினும் கணக்கு ஐவர் தலையிலும் ஏறுகிறது. ஒருவன் முரட்டுத்தனம் காட்டினால் வீடே விலை கொடுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பிக்காது. சிவப்பு அட்டை பெற்றவர் வெளியேறினால் அணி இரண்டு நிமிடங்களுக்கு ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டால் உடனே மாற்றாள் வரலாம்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி, கடைசி நிமிடங்களில் தன் கோல் காவலரை வெளியே அழைத்து, அவருக்குப் பதிலாகப் பந்தடிப்பதில் வல்ல ஒருவரைக் காவலர் சட்டையோடு இறக்கும். இப்போது தாக்குபவர் ஐவர்; களத்தில் தடுப்பவர் நால்வர். பந்து கைமாறாதவரை நன்மை. கைமாறிவிட்டாலோ பின்னால் இருப்பது காவலில்லாத வெறுங்கோல்! எதிராளி தன் பாதியிலிருந்தே உருட்டிவிட்டாலும் கோலாகிவிடும். துணிவுக்கும் துணிச்சலான மூடத்தனத்திற்கும் இடையே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அந்த நிமிடங்களில் காணலாம்.

இனி ஆசியப் போட்டிக்கு வருவோம். ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் நம் கோலாலம்பூரில் இருக்கிறது. அச்சம்மேளனம் 1999ஆம் ஆண்டில் ஆசிய ஃபுட்சால் வெற்றியாளர் போட்டியைத் தொடங்கியபோது அதன் முதல் களமும் கோலாலம்பூராகவே அமைந்தது. அன்று பத்து அணிகள்கூடச் சேரவில்லை. இறுதி ஆட்டத்தில் ஈரான் தென் கொரியாவை ஒன்பதுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றது. பின்னர் போட்டி பாங்காக், தெஹ்ரான், ஜகார்த்தா, மக்காவ், ஹோ சி மின் நகரம், தாஷ்கண்ட் என்று ஊர் ஊராகச் சென்றது.

இன்றைய அமைப்பில் முதலில் தகுதிச் சுற்று நடைபெறும். அதில் தேறிய அணிகளும் போட்டியை ஏற்று நடத்தும் நாடுமாக 16 அணிகள் இறுதிச் சுற்றில் நிற்கும். நான்கு அணிகள் வீதம் நான்கு பிரிவுகள். ஒவ்வோர் அணியும் தன் பிரிவில் மூன்று ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று. ஒவ்வொரு பிரிவிலும் முதலிரு இடங்களைப் பெறுவோர் காலிறுதிக்குச் செல்வர். அங்கிருந்து தோற்றவர் வெளியேற, அரையிறுதி, இறுதி ஆட்டம் என்று முடியும். கிண்ணம் வெல்லும் அணி இரண்டு வாரங்களுக்குள் ஆறு ஆட்டங்கள் ஆடியாக வேண்டும். நான்காண்டுகளுக்கு ஒருமுறை இப்போட்டியே உலகக் கிண்ணத்திற்கான தகுதிச் சோதனையாகவும் அமையும். அப்போது காலிறுதி ஆட்டங்களில் காணப்படும் பதற்றத்தைச் சொற்களால் சொல்லி முடியாது.

இப்போது மூன்றாவது கேள்வி. நடந்த 17 போட்டிகளில் ஈரான் 13 முறை வென்றது. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கிண்ணம் வேறு யார் கைக்கும் போகவில்லை. மீதமுள்ள நான்கு முறை, 2006, 2012, 2014, 2022 ஆகிய ஆண்டுகளில், ஜப்பான் வென்றது. வேறு எந்த நாடும் வெல்லவில்லை. இத்தனை பெரிய கண்டத்தில் ஏன் இப்படி?

ஈரானின் கதையைக் கேளுங்கள். அந்நாட்டின் நகரங்களில் வீடுகளுக்கிடையே குறுகிய சந்துகள் உண்டு. அங்கே பிள்ளைகள் மலிவான பிளாஸ்டிக் பந்தை வைத்துக்கொண்டு, சிறு கோல் கம்பங்களை நிறுத்தி ஆடுவார்கள். அதற்குச் சிறிய கோல் என்று பொருள்படும் கோல் கூச்சிக் என்றே அவர்கள் மொழியில் பெயர். ஃபுட்சால் என்ற சொல் அங்கே வருமுன்பே, ஃபுட்சாலுக்கு வேண்டிய கால் பழக்கம் சந்துகளில் விளைந்திருந்தது. ஆசியப் போட்டி பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1992இல் ஹாங்காங்கில் நடந்த உலகப் போட்டியில் ஈரான் நான்காம் இடம் பெற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சந்து மட்டும் போதுமா? சந்துகள் எந்த நாட்டில்தான் இல்லை? ஈரான் அந்தப் பழக்கத்தின் மேல் ஓர் ஒழுங்கைக் கட்டியது. ஆண்டு முழுவதும் கழகங்கள் மோதிக்கொள்ளும் தேசிய லீக் போட்டி ஏற்பட்டது. சந்தில் மின்னிய பையன் கழகத்திற்குச் சென்றான். கழகத்திலிருந்து தேசிய அணிக்குச் சென்றான். வஹீத் ஷம்சாயி என்ற ஆட்டக்காரர் அனைத்துலக ஆட்டங்களில் 300க்கும் மேற்பட்ட கோல்களைப் போட்டவர். ஓய்வு பெற்ற பின் அவரே தேசிய அணியின் பயிற்றுநரானார். 2024இல் பாங்காக்கில் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என வென்று 13ஆவது கிண்ணத்தை ஈரான் தூக்கியபோது அணியை வழிநடத்தியவர் அவர்தாம். கற்றவர் கற்பிப்பவராக மாறும்போதுதான் ஒரு கலை ஒரு நாட்டில் வேர் பிடிக்கிறது.

ஜப்பானின் பாதை வேறு. சந்துப் பழக்கம் அவர்களுக்குத் துணையாக வரவில்லை. 2002 முதல் 2005 வரை நான்கு இறுதி ஆட்டங்களில் தொடர்ந்து ஈரானிடம் தோற்றார்கள். நான்கு முறை மேடையின் இரண்டாம் படியில் நின்று அடுத்தவர் கிண்ணம் தூக்குவதைப் பார்த்தவர்கள், ஐந்தாம் முறை, 2006இல் தாஷ்கண்டில், அரையிறுதியில் ஈரானை வீழ்த்தி, இறுதியில் உஸ்பெகிஸ்தானையும் வென்றார்கள். வென்றதோடு நிற்கவில்லை. 2007இல் நாடு தழுவிய லீக் போட்டியைத் தொடங்கினார்கள். ஸ்பெயினிலிருந்து மிகேல் ரொட்ரிகோ என்ற பயிற்றுநரை வரவழைத்தார்கள். அவர் காலத்தில் 2012, 2014 ஆகிய இரு கிண்ணங்களும் வந்தன. 2014 இறுதி ஆட்டத்தில் ஈரானோடு இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலை கண்டு, பினால்டி உதைகளில் வென்றார்கள்.

ஆயினும் வென்றவர் வென்றுகொண்டே இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டுப் போட்டியில் நடப்பு வெற்றியாளரான ஜப்பான் காலிறுதியில் வியட்நாமைச் சந்தித்தது. உலகக் கிண்ணத்தை எட்டியே பாராத வியட்நாம், சமநிலைக்குப் பின் பினால்டி உதைகளில் ஜப்பானை வென்று, முதன்முதலாக உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. ஜப்பானுக்கு அவ்வாண்டு உலகக் கிண்ணமே இல்லாமல் போயிற்று. அப்போது வியட்நாமின் பயிற்றுநராக இருந்தவர் புருனோ கார்சியா என்ற ஸ்பானியர். ஜப்பான் செய்தது என்ன தெரியுமா? தன்னைத் தோற்கடித்த அணியின் அந்தப் பயிற்றுநரையே அழைத்துத் தன் அணிக்குப் பயிற்றுநராக அமர்த்திக்கொண்டது! தோல்வியில் கோபம் கொள்வது எளிது. தோற்கடித்தவரிடம் பாடம் கேட்பது அரிது. அந்த அரிய குணம்தான் 2022இல் குவைத்தில் ஈரானை மூன்றுக்கு இரண்டு என வென்று நான்காம் கிண்ணம் பெறவும் துணை நின்றது எனலாம். அடுத்த 2024ஆம் ஆண்டிலேயே ஜப்பான் பிரிவுச் சுற்றோடு வெளியேறியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் அண்டை நாடுகளையும் பாருங்கள். தென்கிழக்காசிய நாடுகளுக்கெனத் தனியே ஒரு வெற்றியாளர் போட்டி 2001 முதல் நடந்து வருகிறது. அதில் தாய்லாந்து 16 முறை வென்றது. அந்நாடு 2000ஆம் ஆண்டிலிருந்து உலகக் கிண்ணத்திலும் ஆடி வருகிறது. 2010இல் ஒருமுறை அக்கிண்ணத்தை வென்ற இந்தோனேசியா, 2024இல் தாய்லாந்து மண்ணிலேயே, அரையிறுதியில் தாய்லாந்தையும் இறுதியில் வியட்நாமையும் வென்று மீண்டும் கிண்ணம் பெற்றது. அந்நாட்டில் லீக் ஆட்டங்களுக்குக் கூடும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது ஆப்கானிஸ்தானின் கதை. போரும் புலம்பெயர்வும் வாட்டிய நாடு. ஆசிய ஃபுட்சால் போட்டியின் இறுதிச் சுற்றுக்கே 2024இல்தான் அது முதன்முதலாக வந்தது. முதல் நால்வருள் இடம் கிடைக்கவில்லை. ஆனால் எஞ்சியிருந்த ஓர் இடத்திற்கான கூடுதல் சுற்றில் வென்று உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. ஆண்கள் காற்பந்து, பெண்கள் காற்பந்து, இளையோர் காற்பந்து எதிலும் ஃபிஃபாவின் உலகக் கிண்ணத்தில் கால் வைத்திராத அந்நாடு, அவ்வாண்டு உஸ்பெகிஸ்தானில் அங்கோலாவை வென்று, கடைசிப் பதினாறு அணிகளில் ஒன்றாகவும் முன்னேறியது. பதினொருவர் ஆட்டத்தில் திறக்காத கதவு ஐவர் ஆட்டத்தில் திறந்தது.

நேயர்களே, இந்த வரிசையில் மலேசியா எங்கே இருக்கிறது? வருத்தத்தோடுதான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியுள்ளது. 1996இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் ஆசியாவின் பேராளராக ஈரான், சீனா ஆகியவற்றோடு நாமும் சென்றோம். தாய்லாந்தும் வியட்நாமும் இந்தோனேசியாவும் அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. 1999இல் முதல் ஆசியப் போட்டியை நாமே நடத்தினோம். 2015இல் பெண்களுக்கான ஆசியப் போட்டி தொடங்கியபோதும், நெகிரி செம்பிலானின் நீலாயில்தான் அது அரங்கேறியது. அதில் ஈரான் பெண்கள் ஜப்பானை வென்றனர். ஆக, இரு குழந்தைகளுக்கும் தொட்டில் கட்டியது நம் வீட்டில்தான். ஆனால் குழந்தைகள் வளர்ந்தது வேறு வீடுகளில். தென்கிழக்காசியப் போட்டியில் 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் இரண்டாம் இடம் வரை வந்து நம்பிக்கையூட்டினோம். உலகக் கிண்ணத்திற்கு மட்டும் 1996க்குப் பின் நாம் செல்லவில்லை.

காரணம் ஆடுவோர் இல்லாமையா? இல்லவே இல்லை. ஊருக்கு ஊர் வாடகைக் கூடங்கள் இருக்கின்றன. ஆடுவோர் கூட்டமும் இருக்கிறது. குறை வேறு இடத்தில். போட்டி என்பது ஒரு தேர்வு. தேர்வு மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தவர் தேர்வில் தேறிவிடுவதில்லை. ஆண்டு முழுவதும் படித்தவரே தேறுகிறார். ஈரானுக்குச் சந்தும் லீக்கும் பள்ளிக்கூடமாயின. ஜப்பானுக்கு லீக்கும் அயல்நாட்டு ஆசிரியர்களும் பள்ளிக்கூடமாயினர். பிள்ளைப்பருவத்தில் கால் பழகுவதற்கும் இருபது வயதில் தேசியச் சட்டை அணிவதற்கும் இடையே இடைவெளி இல்லாத ஏணி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. நடுவில் படிகள் விடுபட்ட ஏணியில் எத்தனை வலிமையான காலும் ஏற முடியாது.

ஏணியின் அடிப்படி எங்கே தொடங்க வேண்டும்? பள்ளியில்தான். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றில் இன்று மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை சேர்த்தாலும் முப்பது பேரைத் தாண்டாத பள்ளிகள் உண்டு. அத்தகைய பள்ளியில் வயதொத்த பதினொரு பையன்களைச் சேர்த்துக் காற்பந்து அணி அமைப்பது நடவாத காரியம். "எங்கள் பள்ளியில் அணி இல்லை" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகள் மற்றவர் ஆடுவதை வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். ஆனால் ஐந்து பேர் கிடைக்கமாட்டார்களா? நிச்சயம் கிடைப்பார்கள். பெண்பிள்ளைகளில் ஐந்து பேர் கிடைக்கமாட்டார்களா? அவர்களும் கிடைப்பார்கள். 2025இல் பெண்களுக்கான முதலாவது ஃபுட்சால் உலகக் கிண்ணம் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்துவிட்டது. ஆகவே அது ஆண்பிள்ளைகளின் ஆட்டம் என்று எந்தத் தாயும் இனிச் சொல்ல வேண்டியதில்லை.

செலவும் அதிகமில்லை. சபை கூடும் சிமெண்டுத் தளம் இருந்தால் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளலாம். முழு அளவு இல்லாவிடினும் இரண்டு பூப்பந்துக் களங்கள் அளவு இடத்தில் மூவருக்கு மூவர் ஆடிப் பழகலாம். கோல் கம்பம் இல்லையென்றால் இரண்டு சிலிப்பர்கள் போதும். ஃபுட்சால் பந்து வாங்க இயலாதவர்கள், சிறிய காற்பந்தில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளட்டும்; அது அதிகம் துள்ளாது. முதல் மாதம் முழுவதும் கோல் போடுவதைப் பற்றியே பேச வேண்டாம். வரும் பந்தை உள்ளங்காலால் நிறுத்துவது, நிமிர்ந்து பார்ப்பது, கொடுப்பது, கொடுத்த உடனே வேறிடத்திற்கு நகர்வது ஆகிய நான்கும் கைவரட்டும். கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பவனுக்கு இந்த ஆட்டத்தில் வேலையில்லை.

எச்சரிக்கையும் தேவை. சிமெண்டுத் தரை புல்லைப் போல் இரக்கம் காட்டாது. மழை பெய்து ஈரமாக இருந்தால் ஆடவிடக் கூடாது. முட்டிக்குக் கீழே எலும்புக் காப்பு அணிவது அனைத்துலக விதி. பயிற்சியிலும் அதைப் பழக்கப்படுத்துவது நன்று. வழுக்காத அடி கொண்ட காலணி வேண்டும். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதைச் சிறுவர்களுக்கு அனுமதிக்கவே கூடாது. ஐந்து தவறுகள் கணக்கை ஓர் அட்டையில் எழுதிக் களத்தோரம் வைத்துவிடுங்கள். தன் தவறு தன் தோழர்களின் கணக்கில் ஏறுவதைக் கண்ணால் கண்ட பிள்ளை, அடுத்த முறை காலை நீட்டுமுன் ஒருகணம் யோசிப்பான்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். மாலையில் ஒரு மணி நேரம் பந்தாடினால் படிப்புக் கெடும் என்று அஞ்சாதீர்கள். நெருக்கடியில் பதறாமல் முடிவெடுக்கவும், கணப்பொழுதில் பிறரை உணர்ந்து நடக்கவும் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வகுப்பறையிலும் கைகொடுக்கும்.

கிண்ணங்களின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த போட்டியில் அது மாறலாம். மாறாத உண்மை ஒன்றே. இடம் சிறியது, ஆள் குறைவு என்பவை ஆட்டத்தைத் தொடங்காமல் இருப்பதற்குக் காரணங்கள் அல்ல. இந்த ஆட்டம் பிறந்ததே அந்தக் குறைகளிலிருந்துதான். ஆனால் தொடங்கியதைத் தொடராமல் விட்டால், தொட்டில் கட்டிய வீட்டிலும் பிள்ளை வளராது. வரும் வாரம் உங்கள் பள்ளியில், உங்கள் குடியிருப்பில், ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பாருங்கள். மறுவாரமும் அதே நாளில், அதே நேரத்தில் அவர்களைச் சேருங்கள். அந்த மறுவாரம்தான் முக்கியம்.